எறவாணத்துப் புளிய விளார்

எங்கள் வீட்டு எறவாணத்தில் எப்போதும் ஒரு புளிய விளார் சொருகியிருக்கும். தாழ்வாரத்து ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத, ஆனால் கண்ணில் படாமல் போகாத இடத்தில். காய்ந்து ஒடியத் தொடங்கினால், அப்பா வயலிலிருந்து திரும்பும்போது புதிதாக ஒன்றை முறித்து, இலையை உருவிப் போட்டுவிட்டுச் சொருகுவார். அரிவாள்மணைக்கு ஓர் இடம், உலக்கைக்கு ஓர் இடம் என்பதுபோல் அதற்கும் வீட்டில் ஓர் இடம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. விளார் இல்லாத வீடு இருந்தால்தான் அங்கே பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இல்லையோ என்று நினைத்திருப்பார்கள்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பிறந்தது 1958-ல். அப்போதெல்லாம் அடி என்பது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி, வளர்ப்போடு சேர்ந்தது. பையன்களுக்கு விளார். எங்களுக்குத் தொடையில் நிமிண்டல்; பொம்பளைப்பிள்ளை உடம்பில் தழும்பு தெரியக் கூடாது என்ற கவலை. கடையில் மிட்டாய் எடுத்துவிட்டான் என்று ஒரு வீட்டில் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிப் பிள்ளையின் கையில் வைத்தார்கள். வற்றல் மிளகாயைத் தணலில் போட்டு அந்தப் புகையில் முகத்தைப் பிடித்த வீடும் எங்கள் தெருவில் உண்டு. அந்தப் பிள்ளை கத்திய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. யாரும் ஓடவில்லை. "அவ்வோ பிள்ளைய அவ்வோ கண்டிக்காவ" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ராத்திரி நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்து அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்து, தடித்த இடத்தில் தடவிவிடுவாள். அந்தக் கையில் இருந்த பிரியத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடிக்காமல் வளர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பெற்றவர்களைக் கூண்டில் ஏற்றுவதாகப் பலர் நினைத்துக் கோபப்படுகிறார்கள். என் அப்பா எங்களை நேசித்தார். எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில், விடிவதற்குள் எழுந்து இருட்டிய பிறகு திரும்பும் மனிதருக்கு, பிள்ளையைத் திருத்த என்று தெரிந்திருந்த வழி ஒன்றுதான். அவருடைய அப்பா அவருக்குக் காட்டிய வழி.

அந்தத் தாத்தா படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். ஆத்துமணலில் விரலால் எழுதிப் பழகியதைச் சொல்லும்போது அவர் முகம் மலரும். கோதண்டம் போட்டதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். உத்திரத்தில் கயிறு கட்டி, பையனின் இரண்டு கைகளையும் அதில் கோத்து, கால் தரையில் பாவாதபடி தொங்கவிடுவது. தாத்தா கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு வேலைக்குப் போன காலத்தில், தரம்பால் 1983-ல் தொகுத்து வெளியிட்ட பழைய கல்வி அறிக்கைகளைப் பற்றி ஒரு பயிற்சி முகாமில் பேசினார்கள். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொல்ல, மறு ஆண்டு பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதிய பதில் அதில் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி. மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட. சோம்பேறிப் பிள்ளையைக் கையைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. தாத்தா கூட்டிச் சொல்லவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா சொன்னதும் ஊர் ஊராக எல்லா அப்பாக்களும் சொன்னதுதான்: "கண்ண மட்டும் விட்ருங்க சார்வாள், தோல உரிச்சிருங்க." சார்வாள் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஒரு சொலவடை சொல்வாள்: முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும். எங்கள் வீட்டுப் பின்புறமும் முருங்கை நின்றது. ஒடிக்காமல் விட்டால் அது நெட்டுக்குத்தலாகப் போய், ஆடிக் காற்றில் காயும் பூவுமாக முறிந்து விழும். அதனால் காய்ப்பு முடிந்ததும் அப்பா ஒடித்துவிடுவார். எந்தக் கிளை, எந்தக் கணு, எந்த மாதம் என்று பார்த்துத்தான் ஒடிப்பார். கோபம் வந்து அவர் முருங்கையை ஒடித்து நான் பார்த்ததில்லை.

1967-ல் ஒரு சாயங்காலம். எங்கள் ஊருக்குக் கரண்டு வந்திருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைப்பது என் வேலை. பெரியவர்கள் கை அதற்குள் நுழையாது. கிழிந்த வேட்டித் துணியில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, உள்ளே விரலை விட்டுச் சுற்றித் துடைக்க வேண்டும். புகைக் கறை போய்க் கண்ணாடி தெளிந்து வரும்போது பார்க்க ஆசையாக இருக்கும். அன்றைக்கு அது கையை விட்டு நழுவிப் படிக்கல்லில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. சில்லுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டுபோய் எருக்குழியில் போட்டு, மேலே கொஞ்சம் குப்பையைத் தள்ளிவிட்டேன்.

இருட்டியதும் அம்மா விளக்கைத் தேடினாள். "சிம்னிய யாரு உடைச்சா?" என்று அப்பா கேட்டார். அவர் கண் எறவாணத்துக்குப் போனதைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது. "தம்பி பந்து வெளையாண்டாம்பா."

தம்பிக்கு ஆறு வயது. "நான் இல்லப்பா" என்றான். முதல் வீச்சு உடைத்ததற்கு. அடுத்தடுத்து விழுந்ததெல்லாம் பொய் சொல்வதற்கு. ஒவ்வொரு முறை அவன் "நான் இல்ல" என்றபோதும் ஒன்று கூடியது. தொழுவத்துப் பக்கம் ஓடினான், அப்பா விடவில்லை. கடைசியில், மூச்சு இரைக்க, "நாந்தாம்பா உடைச்சேன், நாந்தான்" என்றான். அடி நின்றது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அப்பா. விளாரை எறவாணத்தில் சொருகிவிட்டு வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார்.

அந்த ஒரு விளார் ஒரே சாயங்காலத்தில் இரண்டு பொய்களை உண்டாக்கிவிட்டது. என்னுடையது அடிக்குப் பயந்து சொன்ன பொய். தம்பியுடையது அடி நிற்பதற்காகச் சொன்ன பொய். வீட்டில் உண்மை பேசக் கற்றுக்கொடுத்த திருப்தியோடு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வளர்ந்து நான் சேர்ந்த ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் ஒரு பாடம். புரோபெல், மாண்டிசோரி என்று பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கே வந்து, ஓலைக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். குழந்தையின் வேலையில் குறுக்கிடாதே, அதன் கைக்கு எட்டுகிற உயரத்தில் பொருளை வை என்று சொன்ன அந்த அம்மையார் நம் ஊர் மண்ணில் நடந்தவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஏதோ ஐரோப்பாவில் படமாகத் தொங்குகிறவர் என்றே நினைத்துக்கொண்டு, 1983-ல் பிரம்போடு வகுப்புக்குள் நுழைந்தேன். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு, அறுபதுக்கு மேல் பிள்ளைகள். பிரம்பைத் தூக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் கூடம் அடங்கிவிடும். அது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்பதை அறுபது பிள்ளைகள் முன்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் பத்து நிமிடம் பிந்தி வருவான். வந்ததும் வாசலிலேயே வலது கையை நீட்டுவான். ஒன்று போடுவேன். போய் உட்கார்ந்துவிடுவான். முகத்தில் ஒன்றும் இருக்காது. இப்படி ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் பஸ் வராமல் கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். பீடிக் கடை முன்னால் அவன் பள்ளிக்கூடப் பையோடு நின்றுகொண்டிருந்தான். அம்மா ராத்திரி முழுக்கச் சுற்றிய பீடியைக் கடைக்காரர் கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, இலையும் தூளும் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் வர வேண்டும். என்னைப் பார்த்ததும் வலது கையை டிராயருக்குப் பின்னால் மறைத்தான். என் கையில் அப்போது பிரம்புகூட இல்லை.

"இத ஏம்லே டீச்சர்ட்ட சொல்லல?" என்றேன்.

"லேட்டுக்கு ஒரு அடிதான டீச்சர்" என்றான்.

பஸ்ஸுக்கு டிக்கெட் மாதிரி. கட்டணத்தைச் செலுத்திவிட்டு உள்ளே போகிறான். அவனைத் திருத்துவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தான். அன்றோடு பிரம்பை எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. அவனை அடிப்பதை நிறுத்தினேன். மற்றவர்களை இன்னும் பல வருடம் அடித்தேன்.

மாறியது மெதுவாக, பலர் சேர்ந்து. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் தெருத்தெருவாக நடந்தது. ராத்திரி விளக்கடியில் வயதான பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். அங்கே பிரம்பு எடுத்துப்போக முடியுமா? பீடி சுற்றித் தேய்ந்த விரலால் ஒரு பாட்டி தன் பெயரை எழுத மூன்று வாரம் ஆனது. காத்திருந்தோம். தப்பாக எழுதினால் சிரித்துக்கொண்டே அழித்து எழுதினாள். அதைப் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போய் ஆறு வயதுப் பிள்ளையை எழுத்துக்காக அடிக்கும்போது கை கூசியது. அந்த நாட்களில்தான் இரா. நடராசனின் 'ஆயிஷா' குறுநாவல் ஆசிரியர்கள் கைக்குக் கை மாறியது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கி வாங்கி, அடி வலிக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தேடிய பெண்ணின் கதை. எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் படித்த ஒரு சார், ரொம்பக் கண்டிப்பானவர், மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். 'பகல் கனவு', 'டோட்டோ-சான்' இரண்டும் தமிழில் படிக்கக் கிடைத்தன. குஜராத்தின் கிஜுபாய் படைத்த ஆசிரியர் கதை சொல்லியே ஒரு வகுப்பைக் கட்டிப்போட்டதும், டோக்கியோவில் ஒரு தலைமை ஆசிரியர் புதிதாக வந்த சிறுமி பேசி முடிக்கும்வரை நான்கு மணி நேரம் காதுகொடுத்துக் கேட்டதும் எங்களைத் தூங்கவிடாமல் செய்தன.

2003-ல் தமிழக அரசு கல்வி விதிகளின் 51-ஆவது விதியைத் திருத்தி, பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ நோகடிக்கும் தண்டனை கூடாது என்றது. "பிரம்பப் புடுங்கிட்டா புள்ளைய எப்படி மேய்க்க?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கையில் இருந்ததை வாங்கிக்கொண்டவர்கள் வேறொன்றைக் கொடுக்க வேண்டுமல்லவா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ல் எங்கள் ஊருக்கும் வந்தபோதுதான் அந்த வேறொன்று கிடைத்தது. அட்டைகள், ஏணிப்படம், பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரோரமாகக் கரும்பலகை. மேசை நாற்காலி போய்விட்டது. நானும் பாயில் உட்கார்ந்தேன். எந்த அட்டையில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும், எடுக்கும், செய்யும், அடுத்ததுக்குப் போகும். சத்தம் இருந்தது; அட்டைகள் தொலைந்தன; ஒருவரே எல்லாரையும் பார்க்க முடியாமல் திணறிய நாட்கள் நிறைய. ஆனாலும் பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முகத்தை அதன் உயரத்திலேயே பார்க்கும்போது கை ஓங்க வராது. இதை நான் என் உடம்பில் கண்டேன். கூடத்தின் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டிருந்தோம். ஒரு மத்தியானம் காற்றில் அவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா தொங்கிய உத்திரம் நினைவுக்கு வந்தது.

2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியிருந்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் அதைத் தடை செய்தது. ஆனாலும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நடப்பதற்கென்று தனியாகத் தடைச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. சுவீடன் 1979-லேயே பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று உலகிலேயே முதலாவதாகச் சட்டம் போட்டது. வீட்டு மேசையில் எல்லாரும் பேசட்டும் என்று பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு அனுப்பினார்கள். பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதைவிட அந்தப் பால் பெட்டி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் ஆவின் பாக்கெட்டிலும் அப்படி ஒரு வரி வந்தால் எத்தனை அடுப்படிகளில் பேச்சு நடக்கும்!

இப்போது கோவையில் மகளோடு இருக்கிறேன். பேரனுக்கு ஆறு வயது, அன்றைக்குத் தம்பிக்கு இருந்த அதே வயது. போன மாதம் மளிகைக் கடையில் பொம்மை வைத்த சாக்லேட் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதான். கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். "ரெண்டு போட்டா அடங்கிரும்" என்றார் ஒரு பெரியம்மா. என் கையும் துறுதுறுத்தது. அதை மறைக்க மாட்டேன். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பேசவில்லை. முதுகில் ஒரு கை. அழுகை தேய்ந்து விக்கலானதும், "ரொம்ப ஆசையா இருந்துச்சா?" என்றாள். தலையாட்டினான். "இன்னைக்கு வாங்கறதில்லைனு வீட்லயே பேசினோம்ல. நீ கூடையப் பிடிக்கறியா, லிஸ்ட்டப் படிக்கறியா?" லிஸ்ட்டைப் படிக்கிறேன் என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே "து-வ-ர-ம்-ப-ரு-ப்-பு" என்று எழுத்துக் கூட்டினான். பத்து நிமிடம் ஆனது. சாக்லேட் வாங்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. அடிக்காமல் வளர்ப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மகள் என் அப்பாவைவிடக் கண்டிப்பு. அப்பா ஒருநாள் அடிப்பார், மறுநாள் அதே தப்புக்குச் சிரிப்பார். இவள் சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. இந்த முறையின் வேர் வியன்னாவின் ஆல்ஃபிரட் அட்லர், ருடால்ஃப் டிரைக்கர்ஸ் காலத்துக்குப் போகிறது, ஜேன் நெல்சன் 1981-ல் இதைப் புத்தகமாக்கினார் என்று மகள் சொல்வாள். நான் எங்கள் ஆச்சியை நினைத்துக்கொள்வேன். பிள்ளை காரணமில்லாமல் ரகளை செய்தால் ஆச்சி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். "ஒண்ணு பசி, இல்ல தூக்கம்" என்பாள். ஒரு கை கருப்பட்டிப் புட்டு, இல்லை மடியில் போட்டு ஓர் அழிப்பாங்கதை. முக்கால்வாசி ரகளை அதோடு முடிந்துவிடும். குறளில் மக்கட்பேறு அதிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையின் உடம்பைத் தொடுவதைச் சொல்கிறது, அதன் மழலையைச் சொல்கிறது, சின்னக் கை துழாவிய கூழைச் சொல்கிறது. அடி பற்றி அந்தப் பத்துக் குறளிலும் ஒரு சொல் இல்லை. நமக்குத் தெரியாத வழி இல்லை இது. விளார் கைக்குப் பக்கத்தில் இருந்ததால் இந்த வழியில் புல் முளைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாமல் போனதும் உண்டு. அப்பா கை ஓங்கினால் ஓடி ஒளிய ஆச்சியின் முந்தானை இருந்தது. சித்தி இருந்தாள், "வுடுங்கண்ணே, சின்னப் புள்ளைதான" என்று குறுக்கே வர. இன்று பூட்டிய கதவுக்குள் மூன்றாவது மாடியில் தாயும் பிள்ளையும் மட்டும். அலுவலகக் களைப்பு, பாதி வெந்த சோறு, சத்தம் போடும் போன். அந்த நேரத்துக் கோபத்தில் குறுக்கே வர ஆளே இல்லை. அடிக்காமல் வளர்க்க நினைக்கும் இளம் தாய்மார்களிடம் பொறுமையாக இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. அவர்களுக்குக் கூட ஓர் ஆள் வேண்டும். நான் இங்கே வந்து இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கைகள் ஓய்ந்த வீடுகளில் நாக்கு நீண்டுவிட்டதையும் பார்க்கிறேன். "அவனப் பாரு எவ்ளோ மார்க்கு", "உனக்காகத்தான இவ்ளோ ஃபீஸ் கட்டறோம்". பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் ஒரு வாரம் பேசாமலே இருக்கும் அப்பாவை இதே கட்டடத்தில் அறிவேன். ஓர் அடிகூட அடித்ததில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பிள்ளை மாடிப்படியில் போகும்போது சுவரை ஒட்டியே நடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

மகளும் தவறுகிறாள். ஒரு ராத்திரி பேரனைப் பார்த்து அப்படிக் கத்தினாள், அவன் காதைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. கத்தினது தப்பு, கண்ணா. மன்னிச்சுக்கோ" என்றாள். நான் அடுப்படியில் நின்றபடியே உறைந்துபோனேன். முட்டி போடுவது பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த தண்டனை. பெற்றவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் அறுபது வருடத்தில் கேட்டதில்லை. மரியாதை போய்விடும் என்று பயந்தோம். பேரன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நாளைக்கு மெதுவா சொல்லுங்கம்மா" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சாய்ந்து படுத்திருந்தேன். பேரன் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். கையெல்லாம் எண்ணெய், முகம் வெளுத்திருந்தது.

"ஆச்சி, ஊறுகாய் ஜாடி உடைஞ்சிருச்சு. நான்தான் உடைச்சேன். ஸ்டூல்ல ஏறி எடுத்தேன்."

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பீங்கான் ஜாடி. என் அம்மா நார்த்தங்காய் போட்டு வைத்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. கையும் ஒரு கணம் எழுந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டேன். குடித்து முடிக்கும்வரை அவன் அங்கேயே நின்றான், ஓடவில்லை.

மகள் வந்தாள். அவனுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, பெரிய சில்லுகளைத் தானே பொறுக்கினாள். அவன் முறத்தைப் பிடித்தான். எண்ணெயில் கோதுமை மாவைத் தூவி, ஊறியதும் பழைய பேப்பரால் வழித்தார்கள். தரையை மூன்று தடவை துடைத்தான். மூன்றாவது தடவை யாரும் சொல்லவில்லை. அடுத்தமுறை மேல்தட்டில் எதுவும் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று அவள் கேட்க, அவன் யோசித்து மூன்று பேர் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு அழுகை வருதா ஆச்சி?" என்றான். ஜாடி யாருடையது என்று சொன்னேன். அப்புறம், அவன் வயதுக்குத் தகுந்தபடி, சிம்னிக் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"அந்தத் தாத்தாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

என்ன பதில் சொல்வது? போனை எடுத்தேன். தம்பி தென்காசியில் இருக்கிறான், அவனுக்கும் பேரன் பேத்தி ஆகிவிட்டது. வெயில், மழை, முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "லே தம்பி, அந்தக் காலத்துல அரிக்கேன் லைட்டு சிம்னி ஒண்ணு உடைஞ்சிச்சே, அப்பா ஒன்னய அடிச்சாவளே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம, எக்கா. தொழுவத்துப் பக்கம் வச்சுல்லா அடிச்சாவ. நாந்தான உடைச்சேன், பந்து பட்டு."

"இல்லலே" என்றேன். "நான் உடைச்சேன்."